கரட்டில் முளைத்த முள்

என் வீட்டுக்காரர் மாதையனை எங்கள் ஊர் ஆலமரத்துக்கொட்டாயில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முள்ளுக்காரர் என்பார்கள். அரூர் பஸ்ஸில் ஏறி "முள்ளுக்காரர் வூட்டு ஸ்டாப்புல இறக்கி விடுங்க" என்றால் கண்டக்டருக்கே தெரியும். முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர்தான், பிறகு மரியாதையாக மாறியது. இப்போது அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏன் கூசுகிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் நாலு விதமாகச் சொல்வதற்கு முன்னால் நானே ஒரு விதமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் எங்கள் கிணற்றில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குக் கிடந்தது. மஞ்சள் போட்டோம், கரும்பு போட்டோம். அப்புறம் மழை ஏமாற்றியது, கிணறு வற்றியது, போர் போட்டோம், புழுதிதான் வந்தது. இவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். பண்டிகைக்கு வருவார், ஏரிக்கரையில் ஏறி நின்று பார்ப்பார், வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஏரி என்று பெயர்தான். உள்ளே தண்ணீருக்குப் பதிலாகச் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. நாய்கூட நுழையாது. ஏரிக்கு மேலே இருக்கும் கரட்டில் பெய்கிற மழைதான் ஓடை வழியாக இறங்கி ஏரிக்கு வர வேண்டும். கரடு என்றால் பெரிய மலை இல்லை, கல்லும் செம்மண்ணுமாக ஒரு மேடு. அந்த ஓடையிலும் முள். கரடு, ஓடை, ஏரி எல்லாமே புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாததால் யாருக்கும் அக்கறையும் இல்லை.

ஒரு பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அரூர் சந்தையில் ஒரு கடப்பாரை வாங்கி வந்தார். மறுநாள் காலையில் ஏரிக்குள் இறங்கி ஒரு முள்ளை வேரோடு தோண்ட ஆரம்பித்தார்.

"என்ன மாதையா, புதையல் தேடறியா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "வூட்டுல ஒரு குடம் தண்ணி தூக்க வளையாத இடுப்பு, ஊரு ஏரிக்கு மட்டும் வளையுதா?" என்று ஏரிக்கரையில் நின்றே கத்தியிருக்கிறேன்.

"மேலாப்புல வெட்டுனா நாலா துளுக்கும் புள்ள. வேரோட எடுக்கணும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அப்படி ஒரு பிடிவாதம். மெல்ல ஒருவர் இருவராகக் கூட வந்தார்கள். நூறு நாள் வேலையில் அந்த வேலையைச் சேர்த்தார்கள். பிறகு நீர்வடிப்பகுதித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது, குழு போட்டார்கள், இவரைத் தலைவராக்கினார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடி வழியாக வழிந்த அன்றைக்கு ஊரே இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் தீபாவளிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு ஊரை இரண்டு சுற்று சுற்றினேன்.

ஆனால் அதிலிருந்து இந்த மனுஷனுக்கு ஒரு வியாதி வந்தது. முள்ளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்கிற வியாதி. எதிரில் யார் வாயைத் திறந்தாலும், "எனக்குத் தெரியாதா?" என்பதுதான் முதல் பதில்.

சவுரியப்பனும் அவன் மனைவி லூர்துமேரியும் எங்கள் ஊருக்கு வந்தது இந்த முள்ளால்தான். கரிமூட்டம் போடுகிறவர்கள். தோண்டிப் போட்ட முள்மரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ள ஊர் அவர்களுக்கு அனுமதி கொடுத்தது. ஏரிக்கரைக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கட்டையை வட்டமாக அடுக்கி, மேலே தழை போட்டு, மண்ணால் மூடி, அடியில் தீ வைத்துவிட்டால் அது உள்ளுக்குள்ளேயே பல நாள் புகைந்து கரியாகும். காற்று உள்ளே போய்விடாமல் கூடவே இருந்து காவல் காக்க வேண்டும். கரி தொப்பூர் கணவாய்ப் பக்கம் இருக்கும் ஓட்டல்களுக்குப் போகும். எங்களுக்கு முள் ஒழிந்தது, அவர்களுக்குச் சோறு கிடைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சவுரியப்பன் ஒரு மூட்டை கரியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவான். "அக்கா, முள்ளுக்காரர் வூட்டுப் பொங்கல் முள்ளுக் கரியிலதான் பொங்கணும்" என்பான். இவரை வாய்க்கு வாய் அண்ணா என்பான்.

ஒருநாள் டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "இப்படியே எல்லாத்தையும் ஒழிச்சுட்டா நான் எங்கண்ணா போறது? எனக்குன்னு நாலு விதைய கரட்டுல வீசி விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

போன கோடையில்தான் வினை ஆரம்பித்தது. ஏரியை முடித்தாகிவிட்டது, கரட்டில் கன்று நட வேண்டும் என்று திட்டம். கரடு மொட்டையாக இருந்தால் மழைக்கு மண் கரைந்து வந்து ஏரியைத் தூர்த்துவிடும். புங்கன், வேம்பு, நாவல், உசிலை என்று வகை வகையாக நடுவதற்குக் குழி எடுத்தோம். நானும் வேலைக்குப் போனேன். அதே சமயத்தில் கரையோரம் மிச்சமிருந்த முள்மரங்களைச் சாய்த்தார்கள். கோடையல்லவா, மரம் முழுக்க நெத்து, விதையோடு முற்றிய காய். மஞ்சளாகக் காய்ந்து தொங்கியது.

"ஒரு நெத்து ஏரியில வுழக்கூடாது" என்று இவர் உத்தரவு போட்டார். சாக்குகளில் பொறுக்கிக் கட்ட வைத்தார். பிறகு அந்தச் சாக்குகளை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"இதை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்றேன்.

"ஆட்டுக்குப் போடு. இனிப்பா இருக்கும், நல்லாத் திங்கும். எரிச்சாலும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிரும். ஆடு தின்னா அதோட கதை முடிஞ்சுது."

எனக்கும் தீவனச் செலவு மிச்சம். பட்டியில் இருந்த ஆடுகள் கோடை முழுக்க அந்த நெத்தைத் தின்று பளபளவென்று ஆகிவிட்டன. ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் இவர் சொன்னார்: "விதைய ஒழிக்க நான் கண்டுபுடிச்ச வழி பார்த்தீங்களா?"

கன்று நடும் சமயம் வந்தது. நீர்வடிப்பகுதித் திட்டத்து இன்ஜினியர் பிரியதர்ஷினி, சின்னப் பெண், குழிக்கு எரு போட வேண்டும் என்றது. "என் வூட்டு எரு இருக்கும்போது எதுக்கும்மா வெளியில வாங்கறது? சும்மாவே தர்றேன்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லா மக்கின எருதானுங்களே?" என்று அது கேட்டது.

"எனக்குத் தெரியாதாம்மா? தங்கம்மா அது, தங்கம்!"

பட்டியிலிருந்து பச்சையாக வாரிய எருவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், தன் கையாலேயே ஒவ்வொரு குழியிலும் அள்ளிப் போட்டார். உச்சிப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி வரிசைகளுக்கு வரும்போது எரு தீர்ந்துவிட்டது. அங்கே வெறும் மண்ணிலேயே நட்டோம்.

ஆவணியில் நல்ல மழை. கன்று எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனவர் ஓடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "வந்து பாரு, வந்து பாரு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குழிக்குக் குழி முள் முளைத்திருந்தது. கன்று எது, முள் எது என்று தேட வேண்டியிருந்தது. புல் நெருக்கமாக வருமே, அந்த மாதிரி நெருக்கம். சும்மாயிருக்கிற வெளி மண்ணில் ஒன்றும் இல்லை, குழிக்குள் மட்டும்தான். உச்சி வரிசைகளிலும் ஒன்றுகூட இல்லை.

"எவனோ வேணும்னே ஒவ்வொரு குழியிலயும் வெதச்சிருக்கான்" என்றார். இத்தனை வருஷம் தோண்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னால் திரும்பி வந்து நின்றால் யாரால்தான் தாங்க முடியும்? அது வரைக்கும் எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார். சவுரியப்பனையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"முள்ளு போனா எவன் வயித்துல அடி? எனக்கா, உங்களுக்கா? நாலு விதைய கரட்டுல வீசி விடுன்னு சொன்னது யாரு? டீக்கடையில எல்லாரும் கேட்டீங்கதானே?"

சவுரியப்பனுக்கு முதலில் விளங்கவே இல்லை. அப்புறம் முகம் வெளிறியது. "அண்ணா, அது தமாசுக்குச் சொன்னதுண்ணா. மாதா மேல சத்தியமா நான் போடலைங்கண்ணா. கரட்டுப் பக்கமே போகலைங்க."

"போகாமத்தான் கீழ் வரிசையெல்லாம் முளைச்சிருக்கா? உச்சியில மட்டும் ஏன் முளைக்கலை தெரியுமா? அவ்வளவு தூரம் ஏற உனக்குச் சோம்பேறித்தனம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. வெளியூர்க்காரன், கரி போடுகிறவன், அவன் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்கப் போகிறார்கள்? இனிமேல் ஏரிப் பக்கம் இருக்கக் கூடாது, நாளைக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஊரே ஏரிக்கரையில் நின்றது. மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர்கள் கையில் இருந்த கட்டையை எல்லாம் போட்டு அடுக்கிய பெரிய மூட்டம்.

லூர்துமேரி இவர் முன்னால் வந்து நின்றாள். "அண்ணா, நாங்க போறோம். இது வெந்து முடியற வரைக்கும் மட்டும் விடுங்க. பாதியில தொறந்தா அத்தனையும் சாம்பலாயிரும்."

இவர் கடப்பாரையைத் தூக்கி மூட்டத்தில் ஒரே குத்தாகக் குத்தினார். அந்த ஓட்டை வழியாகத் தீ எழும்பியது. அதற்கப்புறம் ஆளாளுக்கு மண்ணைத் தள்ளினார்கள். கட்டை திகுதிகுவென்று எரிந்தது. சவுரியப்பன் அதைப் பார்க்காமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினான். இரண்டு பேரும் சாமான்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஊர்த் தெரு வழியாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். லூர்து யாரையும் பார்த்துத் தலையைக் குனியவில்லை. "செஞ்சதும் செஞ்சுட்டு என்ன திமிரு பாரு" என்று என் பக்கத்தில் நின்ற சென்னம்மாள் சொன்னாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பட்டிக்குப் பின்னால் எனக்கு ஒரு கனகாம்பரப் பாத்தி உண்டு. களை எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கையில் சுருக்கென்று குத்தியது. பார்த்தால் முள். பாத்தி முழுக்க, செடிக்குச் செடி முள். அந்த இலையைத்தான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேனே, அடையாளம் தெரியாதா? சவுரியப்பன் என் கொல்லைக்குள் எப்போது வந்தான்? யார் வந்தாலும் குரைக்கிற நாய் இருக்கிறது. வரவில்லை. அந்தப் பாத்திக்கு நான் போட்டது பட்டி எரு.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார், பார்த்தார். "பாத்தியா, இங்கயும் போட்டுட்டுத்தான் போயிருக்..." என்றவர் நிறுத்திவிட்டார். பட்டியைத் திரும்பிப் பார்த்தார். கூரை அடியில் அந்தக் காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. போய் ஒரு பிடி பழைய புழுக்கையை அள்ளி விரலால் நசுக்கினார். உள்ளேயிருந்து விதை வந்தது. பழுப்பாக, வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். இன்னொன்றை நசுக்கினார். அதிலும் இருந்தது. நெத்தின் சதையைத்தான் ஆடு செரித்திருக்கிறது, விதையைத் தொடவே இல்லை. அப்படியே பட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்குட்டி ஒன்று வந்து அவர் தோளை முகர்ந்தது. அதைத் தள்ளக்கூட அவருக்குக் கை வரவில்லை.

சாப்பிட வரவில்லை. மறுநாள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இதை யாருகிட்டயும் சொல்லிராத புள்ள. நானே போய்க் கொஞ்சம் கொஞ்சமாப் புடுங்கிர்றேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "யோவ்! நாக்குல நரம்பில்லாம ஊரக் கூட்டி வச்சுப் பேசுனியே, இப்ப மட்டும் ஏன் வாய் ஒட்டிக்கிச்சு?" கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரை அப்படி ஒருமையில் பேசியதில்லை. பேசிவிட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்டப் போவேன் கோகிலா?"

"அந்த ஆளத் துரத்துனப்ப ஒரு மூஞ்சி வச்சிருந்தீங்களே, அதே மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போங்க."

அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? ஆடு என்னுடையது, நெத்தைப் போட்டது என் கை. தெருவில் நடந்தால் மண்ணைப் பார்த்து நடந்தேன். சென்னம்மாள், "என்னக்கா, எதையாவது தொலைச்சுட்டியா?" என்று கேட்டாள்.

தொப்பூருக்கு பஸ் ஏறினோம். கணவாய் ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஒரு ஓட்டல். அங்கேதான் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். இவ்வளவு நாள் அந்த ஓட்டலுக்குக் கரி விற்றவன், இப்போது அதே ஓட்டலில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். யாரோ போட்ட கரியை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தான். லூர்து பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும், "அண்ணா! அக்கா! வாங்க வாங்க" என்று எழுந்து ஓடி வந்தான். தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தான். ஓட்டல்காரரிடம் சொல்லி டீ வாங்கி வந்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை. நாங்கள் அவனைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான் பாவி மனுஷன்.

"கன்னு எல்லாம் புடிச்சுதுங்களா? முள்ள எடுத்துட்டீங்களா?" என்று கேட்டான்.

இவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயை ஊதுகிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறியது. அது போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சவுரி, அந்த முள்ளு நீ போட்டதில்ல. எங்க ஆட்டு எருவுல வந்துச்சு. நெத்து தின்ன ஆடு. நான்தான் குழிக்குக் குழி போட்டேன்."

சவுரியப்பன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பின்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. லூர்து சோப்பு நுரைக் கையோடு கதவருகில் நின்றாள்.

"இதை எங்கிட்ட வந்து சொல்றீங்களேண்ணா" என்றான் கடைசியில். குரல் உயரவில்லை. "நான் போடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரூர் வரும் வரைக்கும் திருப்பவே இல்லை.

மறுநாள் காலையில் பால் சொசைட்டி. ஊரில் பாதி அங்கேதான் கேனோடு நிற்கும். வரிசையில் நின்றுகொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பால் அளக்கிற குமார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிங்கண்ணா, கேனை நவுத்துங்க, லைன் நிக்குது."

இன்னொருவர், "விடு மாதையா, தெரியாம நடந்துபோச்சு. அவன் என்ன நம்ம ஊர்க்காரனா?" என்றார். சென்னம்மாள் ஒருபடி மேலே போனாள். "அவன் போடலைன்னா என்ன? போடணும்னு நெனச்சிருப்பான்."

பாலை ஊற்றாமலே திரும்பி வந்தார். "யாருமே என்னைத் திட்டலை புள்ள" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. துரத்துவதற்கு ஊரே கூடியது. செய்தது தப்பு என்று சொன்னால் கேட்பதற்கு அதே ஊரில் ஒரு காது கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கரட்டுக்குப் போய்க் குழி குழியாக உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினார். யாராவது கூட வந்தால், "வேண்டாம், போங்க" என்று விரட்டினார்.

கார்த்திகையில் பிரியதர்ஷினி ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தது. மாரண்டஹள்ளிப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் ஏரியிலும் முள்ளாம், எங்கள் ஏரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். ஊரில் ஷாமியானா போட்டு, மைக் வைத்து, இவருக்குச் சால்வை போட ஏற்பாடு. "நான் வரலை" என்று காலையிலேயே சொன்னார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சால்வையைப் போர்த்த வந்தபோது கையில் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஏரியில முள்ளத் தோண்டுனது நான்தான். அந்தக் கரட்டுல முள்ளப் போட்டதும் நான்தான்" என்று ஆரம்பித்தார்.

பிரியதர்ஷினி சிரித்தது, ஏதோ தமாஷ் என்று நினைத்து. இவர் நிறுத்தவில்லை. நெத்தைப் பொறுக்கியது, ஆட்டுக்குப் போட்டது, மக்காத எருவை அள்ளிக்கொண்டு போனது எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் பொண்ணு மக்கின எருவான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதான்னு அது வாய அடச்சேன். பழியக் கொண்டுபோய் சவுரியப்பன்னு ஒருத்தன் மேல போட்டேன். எங்கள நம்பி வந்து பொழச்சவன். அவன் மூட்டம் எரிஞ்சுக்கிட்டிருக்கும்போதே ஒடச்சோம். மொதக் கடப்பார என்னோடது. ஏரிய எப்படிச் சுத்தம் பண்றதுன்னு இந்த ஊருல யாரு வேணா சொல்லிக் குடுப்பாங்க. என்னைப் பாத்து மட்டும் எதையும் கத்துக்காதீங்க."

வேனில் வந்தவர்களில் ஒரு அம்மா எழுந்தது. "அந்த மூட்டக்காரரு இப்ப எங்கம்மா இருக்காரு?" என்று எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்துக் கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது. சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குமார் தரையைப் பார்த்தான். வெளியூர் ஆட்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு உறைத்தது.

வேன் போனதும் இவர்மேல் பாய்ந்தார்கள். "ஊரு மானத்தைக் கப்பலேத்திட்டியே! உனக்கு வாய் அரிச்சா உன் வூட்டோட வச்சுக்க வேண்டியதுதானே?" திட்டட்டும் என்று நின்றார். எனக்கும் அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. ஆனால் திட்டி முடித்தபிறகு குமார்தான் மெதுவாகச் சொன்னான், "அவங்களக் கூப்பிட்டு வந்துரலாம்" என்று. யாரும் மறுக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் முள் இருக்கிறது, கொட்டகையை ஊரே போட்டுத் தரும் என்று பேசி முடித்தார்கள். தலைவர் வேலையை இவர் அன்றே விட்டுவிட்டார்.

மறுபடியும் தொப்பூர். இந்தத் தடவை சவுரியப்பன் பெஞ்சைத் துடைக்கவில்லை. இவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு லூர்துவைப் பார்த்தான். முந்தின தடவை எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள் வாயைத் திறந்தாள்.

"வர்றோம். ஆனா ஒண்ணு. நாங்க போனப்ப ஊரே நின்னு பாத்துச்சு. வர்றப்பவும் எல்லாரும் நிக்கணும்."

"நிப்பாங்க" என்றார் இவர்.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஸ்டாப்பிலிருந்து கோயில் வரைக்கும் ஊர் நின்றது. சவுரியப்பன் பஸ் மேலிருந்து சாமான் சாக்கை இறக்கினான். இவர் போய் அதை வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். "வேண்டாங்கண்ணா" என்று அவன் இழுத்தான், இவர் விடவில்லை. அன்றைக்கு அவர்கள் எந்தத் தெரு வழியாகப் போனார்களோ, அதே தெரு வழியாக நடந்தார். பாத்திரங்கள் சாக்குக்குள் கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் எல்லார் வீட்டு வாசலிலும் கேட்டது.

நான் லூர்துவோடு பின்னால் நடந்தேன். அவளுடைய குடத்தை வாங்கி இடுப்பில் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள். நான் குடத்தின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலைத் தாண்டும்போது லூர்து என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"தலையத் தூக்கி நடங்கக்கா. அன்னைக்கு நாங்க அப்படித்தான் போனோம்."

என்னால் தூக்க முடியவில்லை.